நாற்பது இடங்கள்: யாரைக் காப்பது, யாரை விடுவது?

1954ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள். அமெரிக்கப் பேஸ்பால் அணிகளின் நிர்வாகிகள் தங்கள் ஆண்டுத் தேர்வுக்காகக் கூடியிருந்தனர். அவ்வாண்டு தேசிய லீக் பிரிவில் கடைசி இடம் பெற்ற பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த அணி ஓர் இளைஞரின் பெயரைச் சொன்னது. 4,000 டாலர் செலுத்தியது. அவரைத் தன்னுடன் சேர்த்துக் கொண்டது. அந்த இளைஞரோ அதுவரை புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற வேறோர் அணியின் ஒப்பந்தத்தில் இருந்தவர். 'அவரை எங்களுக்குத் தருவீர்களா?' என்று டாட்ஜர்ஸ் அணியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. விதி அப்படி.

அந்த இளைஞரின் பெயர் ராபர்ட்டோ கிளெமென்டே. புவேர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்தவர். அப்போது வயது 20. அடுத்த 18 ஆண்டுகள் அவர் பிட்ஸ்பர்க் அணிக்காகவே ஆடினார். 3,000 முறை வெற்றிகரமாகப் பந்தை அடித்துப் பேஸ்பால் வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரானார்.

இத்தகைய மாணிக்கத்தை டாட்ஜர்ஸ் அணி ஏன் கைவிட்டது? அதன் நிர்வாகிகளுக்கு ஆட்டம் தெரியாதா? நன்றாகத் தெரியும். மறு ஆண்டே உலகத் தொடர் எனப்படும் சாம்பியன் போட்டியை வென்ற அணி அது. அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது? அது தவறுதானா? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது நாம் நிகழ்தகவு, அளவீட்டுப் பிழை ஆகிய இரண்டு நல்ல நண்பர்களைச் சந்திக்கப் போகிறோம். கணக்குப் புத்தகத்தில் பகடையோடும் சீட்டுக்கட்டோடும் நிற்கும் இவர்கள், ஒரு மனிதனின் வாழ்க்கையையே திருப்பிவிடும் இடத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஆட்டம் எப்படிப்பட்டது?

பேஸ்பால் நம் ஊர்களில் அதிகம் ஆடப்படுவதில்லை. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது எளிது. ஒரு பக்கம் 9 பேர். ஒருவர் பந்து வீசுவார். எதிரணியில் ஒருவர் உருண்டையான மட்டையால் அடிப்பார். பந்து தரையில் குத்தி எழுவதில்லை, நேராகவே வருகிறது. வீசுபவர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவருக்கும் இடையே 18.44 மீட்டர். வேகமாக வீசுபவரின் பந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வருவதால், அடிப்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.4 விநாடிதான். அதனால்தான் மிகச் சிறந்த மட்டையாளர்கூடப் பத்து வாய்ப்புகளில் மூன்று முறைதான் வெற்றி பெறுகிறார். ஆயிரம் வாய்ப்புகளில் 300 முறை வெற்றிகரமாக அடித்தால் அவருடைய அடிவீதம் 0.300. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 30 பெரிய அணிகள் உள்ளன. இவை ஆடும் போட்டிகளுக்கு மேஜர் லீக் என்று பெயர். ஒவ்வொரு பெரிய அணியின் கீழும் படிப்படியாகப் பல பயிற்சி அணிகள் இயங்குகின்றன. இவை மைனர் லீக் அணிகள். பள்ளியில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்று ஏறுவதைப் போல, ஓர் இளைஞர் ஒற்றை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று படியேறி வரவேண்டும். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளிலிருந்து 16 வயதிலேயே ஒப்பந்தம் ஆகி வருபவர்களும் உண்டு. இப்படி ஒவ்வொரு பெரிய அணியிடமும் 150க்கும் மேற்பட்ட இளைஞர்கள் இருப்பார்கள். பெரும்பாலோர் கடைசிப் படியை எட்டுவதே இல்லை.

எட்டினால் என்ன கிடைக்கும்? 2023ஆம் ஆண்டில் மூன்று ஏ நிலையில் குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கு 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீக்கில் குறைந்தபட்ச ஊதியம் 7,20,000 டாலர். ஒரு படி ஏறினால் இருபது மடங்கு! எனவே, யாரை எந்தப் பட்டியலில் வைப்பது என்பது அந்த இளைஞருக்கு வெறும் விளையாட்டுச் செய்தி அன்று, பிழைப்பு.

பதுக்கலைத் தடுக்க ஒரு விதி

1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தேர்ந்த ஆட்டக்காரர்களை விலை கொடுத்து வாங்கப் பணம் வேண்டும். அதற்குப் பதிலாகச் சிறிய அணிகளையே சொந்தமாக வைத்துக்கொண்டு, இளைஞர்களை நாற்றங்காலில் நாற்று வளர்ப்பது போல வளர்த்தால் என்ன? அப்படியே செய்தார். வெற்றியும் பெற்றார். நாளடைவில் அவருடைய அணியின் கீழ் முப்பதுக்கும் மேற்பட்ட சிறிய அணிகள் இயங்கின. மற்ற அணிகளும் அவர் வழியைப் பின்பற்றின.

ஆனால் நாற்றங்காலில் ஓர் ஆபத்து உண்டு. நாற்றைப் பிடுங்கி நடாமல் அங்கேயே விட்டுவிட்டால் அது முற்றி வீணாகும். ஒரு பணக்கார அணி நூற்றுக்கணக்கான இளைஞர்களை ஒப்பந்தத்தில் கட்டிப் போட்டு, தானும் பயன்படுத்தாமல், பிறருக்கும் விடாமல் வைத்திருக்க முடியும். அரிசி மூட்டையைப் பதுக்கினால் விலைதான் ஏறும். ஆட்டக்காரனைப் பதுக்கினால் அவனுடைய இளமையே போய்விடும்.

இதைத் தடுக்க, ஓர் அணியின் இளைஞரை மற்றோர் அணி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் விதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஏதேனும் ஒரு வடிவில் இருந்து வந்திருக்கிறது. மேஜர் லீக் விதிப்புத்தகத்தில் அது ஐந்தாம் விதி. அதனால் அந்தத் தேர்வுக்கு 'விதி 5 தேர்வு' என்றே பெயர்.

2022ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் அந்த விதி இப்படிச் செயல்படுகிறது. ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதில் 26 பேர் களத்தில் இறங்கத் தயாராக இருப்பவர்கள்; மற்றவர்கள் சேமிப்பு. 18 வயதுக்குள் ஒப்பந்தமான இளைஞரை ஐந்து பருவங்களுக்குள், 19 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவரை நான்கு பருவங்களுக்குள் இந்த நாற்பது பேர் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். நவம்பரில் கெடு நாள். அன்றைக்குள் சேர்க்காவிட்டால், டிசம்பர் மாதத் தேர்வில் வேறு எந்த அணியும் அவரை 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை.

ஆனால் எடுப்பவருக்கும் ஒரு கடிவாளம் உண்டு. எடுத்த இளைஞரை அடுத்த பருவம் முழுவதும் தன்னுடைய 26 பேருள் ஒருவராக வைத்திருக்க வேண்டும். பயிற்சிக்காகக் கீழே அனுப்பக் கூடாது. வைத்திருக்க முடியாவிட்டால் முதலில் மற்ற அணிகளுக்கு ஒரு வாய்ப்பு தரவேண்டும். யாரும் ஏற்காவிட்டால், பழைய அணி 50,000 டாலர் கொடுத்து அவரைத் திரும்பப் பெறலாம். இந்தக் கடிவாளம்தான் நம் கணக்கின் உயிர்நாடி.

அறிவாளி எடுக்கும் முடிவு

ஓர் அணியின் நிர்வாகியாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மாதம். கெடு நாள் நெருங்குகிறது. உங்கள் பட்டியலில் 38 பேர் உள்ளனர். இடம் இரண்டுதான். காக்கப்படவேண்டிய இளைஞர்களோ மூவர்.

முதலாமவர் அமுதன் என்க. வயது 20. அபாரத் திறமை, ஆனால் இன்னும் பச்சைக் காய். கீழ்ப்படியில்தான் ஆடுகிறார். பழுத்தால் அவருடைய மதிப்பு 100 அலகு.

இரண்டாமவர் பாரி. வயது 24. பந்து வீசுபவர். ஓர் இன்னிங்ஸ் மட்டும் வந்து வேகமாக வீசிவிட்டுப் போகும் மாற்று வீச்சாளர். சாதாரணத் திறமைதான். மதிப்பு 20 அலகு.

மூன்றாமவர் சேந்தன். வயது 23. மூன்று ஏ படியில் நன்றாக ஆடுகிறார். மதிப்பு 40 அலகு.

'இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மதிப்பு அதிகமுள்ள இருவர் அமுதனும் சேந்தனும். அவர்களைக் காப்போம்' என்று தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். பூட்டு வாங்கும்போது நாம் கேட்கும் கேள்வி 'இந்தப் பொருளின் விலை என்ன?' என்பது மட்டுமா? 'இதை யாராவது தூக்கிக்கொண்டு போக முடியுமா?' என்பதும்தானே! வீட்டில் ஆட்டுக்கல் விலை மதிப்புள்ளதாக இருக்கலாம். அதை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை.

எனவே இரண்டு நிகழ்தகவுகள் வேண்டும். ஒன்று, வேறோர் அணி இவரை எடுக்கும் நிகழ்தகவு. மற்றொன்று, எடுத்தபின் பருவம் முழுவதும் தக்கவைத்துக்கொள்ளும் நிகழ்தகவு. இரண்டும் நடந்தால்தான் நமக்கு இழப்பு. ஆகவே இரண்டையும் பெருக்க வேண்டும்.

எதிர்பார்க்கும் இழப்பு = எடுக்கும் நிகழ்தகவு × தக்கவைக்கும் நிகழ்தகவு × மதிப்பு

அமுதனைக் கீழ்ப்படியிலிருந்து நேரே மேஜர் லீக்கில் நிறுத்தினால் திணறிப் போவார். அவரை ஓராண்டு முழுவதும் சுமக்க யாரும் துணிய மாட்டார்கள். எடுக்கும் நிகழ்தகவு 0.2, தக்கவைக்கும் நிகழ்தகவு 0.2 என்போம். 0.2 × 0.2 × 100 = 4 அலகு.

பாரி அப்படியல்ல. ஒவ்வோர் அணியிலும் ஏழெட்டு மாற்று வீச்சாளர்கள் உண்டு. வெற்றி தோல்வி முடிவாகிவிட்ட ஆட்டத்தின் கடைசியில் அவரை வீசவிட்டு எளிதாக ஒளித்து வைக்கலாம். எடுக்கும் நிகழ்தகவு 0.5, தக்கவைக்கும் நிகழ்தகவு 0.6. ஆக, 0.5 × 0.6 × 20 = 6 அலகு.

சேந்தனுக்கு 0.6, 0.5 என்று வைத்தால் 0.6 × 0.5 × 40 = 12 அலகு.

கணக்கு முடிந்துவிட்டது. சேந்தனுக்கும் பாரிக்கும் இடம். மூவரிலும் திறமை மிக்க அமுதன் பட்டியலுக்கு வெளியே! வியப்பாக இருக்கிறதா? ஆனால் இதுவே சரியான கணக்கு. நாற்பது பேர் பட்டியல் என்பது திறமையின் தரவரிசை அன்று. இழப்பு அபாயத்தின் தரவரிசை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் சேர்ந்தவரைப் பயிற்சிக்காக மைனர் லீக்குக்கு அனுப்ப மூன்று பருவங்கள்தான் அனுமதி. அதற்கு மேல் அனுப்ப வேண்டுமானால் மற்ற அணிகளுக்கு அவரைப் பெறும் வாய்ப்பைத் தந்தாக வேண்டும். ஆகவே அமுதனை இப்போதே சேர்த்தால் அவர் பழுக்கும் முன்பே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். தவிர, பட்டியல் நிரம்பியிருந்தால், புதியவர் ஒருவரைச் சேர்க்கப் பழையவர் ஒருவரை நீக்க வேண்டும். நீக்கப்பட்டவரை வேறோர் அணி உடனே கொண்டு போகலாம். 30 அணிகள், அணிக்கு 40 இடங்கள்: மொத்தம் 1,200 இடங்கள். ஆற்றல் அழிவின்மை விதியைப் போல, இங்கே ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போயாக வேண்டும்.

நான் மேலே எழுதிய நிகழ்தகவுகள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. உண்மையில் ஒரு தேர்வில் எடுக்கப்படுவோர் எல்லா அணிகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் பத்து முதல் இருபது பேர்தான். அவர்களிலும் பலர் பருவம் முடியும் முன்பே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். எனவே நிகழ்தகவுகள் பொதுவாகச் சிறியவையே. முதல்தர இளைஞர்களை எந்த அணியும் துணிந்து வெளியே விடுவதில்லை. தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பவை கடைசி இரண்டு மூன்று இடங்கள்தாம்.

கணக்கு சரி, அளவு சரியா?

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: சூத்திரம் சரியாக இருந்தாலும், அதில் இடும் எண் தவறானால் விடையும் தவறு. அமுதனின் நிகழ்தகவுகளை நாம் 0.2, 0.2 என்று மதிப்பிட்டோம். உண்மையில் அவை 0.3, 0.3 ஆக இருந்தால்? 0.3 × 0.3 × 100 = 9. இழப்பு 4லிருந்து 9க்குத் தாவிவிட்டது! பெருக்கற் பலனில் சிறு பிழைகளும் ஒன்றையொன்று பெருக்கிவிடும். பாரி வெளியே, அமுதன் உள்ளே என்று முடிவே தலைகீழாகிறது.

மதிப்பைக் கணிப்பதிலும் இதே தொல்லைதான். கிளெமென்டேயிடம் திரும்புவோம். 1954ஆம் ஆண்டு டாட்ஜர்ஸ் அணி அவரை மான்ட்ரியல் ராயல்ஸ் என்ற தன் மைனர் லீக் அணியில் வைத்திருந்தது. அங்கே அவருக்குக் கிடைத்த அடிக்கும் வாய்ப்புகள் 148தான். அவற்றில் 38 வெற்றி. அடிவீதம் 0.257. சாதாரண எண்.

ஆனால் 148 வாய்ப்புகளிலிருந்து கிடைத்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் சரியாக ஐந்து தலை விழுவது கட்டாயமில்லை அல்லவா? அதுபோல இங்கும் தற்செயல் புகுந்து விளையாடும். இதன் அளவைத் திட்டப் பிழை என்பர். வெற்றி வீதத்தையும் தோல்வி வீதத்தையும் பெருக்கி, வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 0.257 × 0.743 ÷ 148; இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.036.

அதாவது, அவருடைய உண்மையான திறன் 0.257க்கு இருபுறமும் 0.036 தள்ளி இருப்பது மிகச் சாதாரணம். அதன் இருமடங்கு, அதாவது 0.072 தள்ளி இருப்பதுகூட நடக்கக்கூடியதே. 0.185 என்றால் தேறாத ஆட்டக்காரர். 0.329 என்றால் மேதை. இரண்டையும் அந்த 148 வாய்ப்புகளால் திட்டவட்டமாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை! கிளெமென்டே தம் வாழ்நாளில் மேஜர் லீக்கில் எட்டிய அடிவீதம் 0.317. இருபது வயதிலேயே அவரிடம் அந்தத் திறன் இருந்தது என்று நாம் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் அந்த எண்ணுக்கு வலிமை இல்லை.

பிழையைப் பாதியாக்க என்ன செய்யலாம்? வாய்ப்புகளை இரு மடங்காக்கினால் போதாது. நான்கு மடங்காக்க வேண்டும். ஏனெனில் பிழை வர்க்கமூலத்தைப் பின்பற்றிக் குறைகிறது. 592 வாய்ப்புகள் வேண்டும். மைனர் லீக்கில் அது ஒரு முழுப் பருவத்துக்கும் அதிகம். கெடு நாளோ காத்திராது.

வேறு வழி உண்டா? உண்டு. ஆய்வகத்தில் ஊசலின் அலைவு நேரத்தை எப்படி அளக்கிறோம்? ஓர் அலைவை மட்டும் அளந்தால், நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதம் விடையைக் கெடுத்துவிடும். 20 அலைவுகளை அளந்து 20ஆல் வகுக்கிறோம். அதாவது, பிழை குறைவாகத் தெரியும் வகையில் அளவீட்டை மாற்றிக்கொள்கிறோம். பிட்ஸ்பர்க் அணியும் ஏறக்குறைய இதைத்தான் செய்தது. அதன் சார்பில் கிளைட் சுக்ஃபோர்த் என்ற அனுபவசாலி மான்ட்ரியல் அணியைப் பார்க்கச் சென்றார். அவர் பார்க்கப் போனது வேறொரு வீச்சாளரை. அவர் கண்ணில் பட்டதோ, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் கிளெமென்டே பந்தை எறிந்த வேகமும் மட்டையைச் சுழற்றிய விதமும். அடிவீதம் என்பது தற்செயல் கலந்த எண். எறியும் கையின் வலிமையில் அவ்வளவு தற்செயல் கலப்பதில்லை. இன்று பலமாக எறிபவர் நாளையும் பலமாகத்தான் எறிவார். சில எறிதல்களைப் பார்த்தாலே போதும்.

இன்றைய அணிகள் இந்த வழியில் வெகுதூரம் சென்றுவிட்டன. 2015 முதல் மேஜர் லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் படக்கருவிகள் கொண்ட அமைப்பு ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் அளக்கிறது. பந்து நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது, மட்டையிலிருந்து என்ன வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பதெல்லாம் பதிவாகின்றன. இத்தகைய கருவிகள் மைனர் லீக் மைதானங்களுக்கும் பரவியுள்ளன. பாரியைப் போன்ற ஒரு வீச்சாளரைப் பற்றி முடிவு செய்யப் பிற அணிகளுக்கு ஒரு மாலைப் பொழுதின் பதிவுகள்கூட உதவும். அதனால் ஒளித்து வைப்பதும் முன்போல எளிதன்று.

டாட்ஜர்ஸ் அணி கிளெமென்டேயை வேண்டுமென்றே அதிகம் ஆடவிடாமல் ஒளித்து வைத்தது என்று பலர் எழுதியுள்ளனர். அது உண்மையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அன்றைய விதிப்படி 4,000 டாலருக்கு மேல் முன்பணம் பெற்ற இளைஞரை உடனே பெரிய அணியில் வைத்துக்கொள்ளாவிட்டால், பருவ முடிவில் அவரைப் பிறர் எடுக்கலாம். கிளெமென்டே பெற்றது 10,000 டாலர். இடம் இல்லாததால் கீழே அனுப்பி, அபாயத்தை ஏற்றார்கள். இந்தக் கதையின் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்: அவரைத் தட்டிப் பறித்த பிட்ஸ்பர்க் அணிக்கு அப்போது தலைமை நிர்வாகியாக இருந்தவர், நாற்றங்கால் முறையை உருவாக்கிய அதே பிராஞ்ச் ரிக்கிதான்!

சுமக்கத் துணிந்தவர்கள்

இப்போது கணக்கின் மறுபக்கத்துக்கு வருவோம். எடுக்கும் அணி எப்படி யோசிக்கிறது?

1999ஆம் ஆண்டு டிசம்பர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி தன் பட்டியலில் சேர்க்காமல் விட்ட இளைஞர்களுள் ஜொஹான் சான்டானா என்ற வெனிசுவேலா நாட்டு வீச்சாளரும் ஒருவர். வயது 20. அதுவரை கீழ்ப்படிகளில் மட்டுமே ஆடியவர். நம் அமுதனைப் போல! ஃபுளோரிடா மார்லின்ஸ் அணி அவர் பெயரைச் சொல்லி எடுத்து, முன்பே பேசிக்கொண்டபடி மின்னசோட்டா ட்வின்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது.

2000ஆம் ஆண்டு முழுவதும் ட்வின்ஸ் அணி அவரைச் சுமந்தது. அவர் வீசியது 86 இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்சுக்குச் சராசரியாக 6.49 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார். நல்ல வீச்சாளர்கள் நான்குக்குள் நிற்பார்கள். அதாவது, அவர் அடி வாங்கினார். ஆனால் ட்வின்ஸ் அணி அவ்வாண்டு 93 ஆட்டங்களில் தோற்றுத் தன் பிரிவில் கடைசியில் நின்ற அணி. ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருப்பவருக்கு இன்னும் சில தோல்விகள் பெரிய இழப்பு அன்று. கோப்பைக்காகப் போராடும் அணியால் அப்படிச் சுமக்க இயலாது. எடுக்கும் அணி எது என்பதைப் பொறுத்துத் தக்கவைக்கும் நிகழ்தகவு மாறும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

ஓராண்டு முடிந்ததும் கடிவாளம் அவிழ்ந்தது. அணி அவரைப் பொறுமையாகப் பயிற்றுவித்தது. 2004இலும் 2006இலும் அமெரிக்கன் லீக்கின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதைச் சான்டானா வென்றார்.

ஹூஸ்டன் அணி செய்தது பிழையா? பலன் தெரிந்தபின் 'பிழை' என்பது எளிது. சான்டானாவைப் போல அன்று பட்டியலுக்கு வெளியே நின்ற இருபது வயது இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களிற் பெரும்பாலோர் பெயர் இன்று நினைவில் இல்லை. நிகழ்தகவு 0.04 என்றால் சராசரியாக நூற்றில் நான்கு முறை நடக்கும். நடந்த அந்த நான்கைப் பற்றி மட்டுமே கதைகள் எழுதப்படுகின்றன. நல்ல முடிவுக்கும் கெட்ட பலன் வரலாம். முடிவை எடைபோட வேண்டியது, அது எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்ததைக் கொண்டுதான். எனினும் பாடம் கற்றவர்கள் உண்டு. 2006ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இளைஞர்களைக் காக்க அணிகளுக்கு ஓராண்டு கூடுதல் அவகாசம் தரப்பட்டது. மூன்று, நான்கு பருவங்கள் என்றிருந்தது நான்கு, ஐந்து என்று ஆனது. ஓராண்டு கூடினால் அளவீடு கூடும், பிழை குறையும்.

பாதுகாப்பு யாருக்கு?

'காக்கப்பட்டவர்கள்' என்ற சொல்லைப் பாருங்கள். பட்டியலில் சேர்க்கப்படும்போது காக்கப்படுவது எது? அந்த இளைஞர் மீது அணிக்குள்ள உரிமை. ஐந்தாம் விதி காப்பது எதை? அந்த இளைஞரின் வாய்ப்பை. வெளியே விடப்பட்டதால்தான் கிளெமென்டேக்கும் சான்டானாவுக்கும் ஆட ஓர் இடம் கிடைத்தது. டாட்ஜர்ஸ் அணியின் 'பாதுகாப்பில்' இருந்திருந்தால் கிளெமென்டே இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்திருக்கக் கூடும். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான தகராறால் இந்தத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டு, பின் கைவிடப்பட்டது. காத்திருந்தவர்களுக்கு ஒரு கதவு ஓராண்டு மூடியே கிடந்தது.

கிளெமென்டேயின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு டிசம்பரில் நிகராகுவா நாட்டில் பெரும் நிலநடுக்கம். அங்கே தவித்தவர்களுக்கு உதவிப் பொருள்களை எடுத்துக்கொண்டு டிசம்பர் 31ஆம் நாள் அவர் புறப்பட்ட விமானம் கடலில் விழுந்தது. வயது 38. அவருடைய கணக்கு சரியாக 3,000 வெற்றிகளில் நின்றுபோயிற்று. அவர் கையின் வலிமையை ஒருவர் பயிற்சியிலேயே கண்டு சொன்னார். அந்தப் பயணத்தில் வெளிப்பட்ட மனத்தை அளக்க எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

ஒரு பட்டியலில் நம் பெயர் இல்லை என்றால் 'நமக்குத் தகுதி இல்லை' என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. இடங்கள் எத்தனை, அளந்தது எதை, எத்தனை முறை அளந்தார்கள், பிழை எவ்வளவு என்று கேட்க வேண்டும். அறிவியல் படிக்கும் நீங்கள் அந்தக் கேள்விகளைப் பிறர் பெயரைப் பட்டியலிடும் நாளிலும் மறவாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள 60 காகிதச் சீட்டுகளை வெட்டுங்கள். 19 சீட்டுகளில் ஒரு புள்ளி வையுங்கள். 60க்கு 19 என்பது 0.317, கிளெமென்டேயின் வாழ்நாள் அடிவீதம்! எல்லாவற்றையும் மடித்து டப்பாவில் இட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். புள்ளி இருந்தால் ஒரு வெற்றி. குறித்துக்கொண்டு சீட்டைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுக் குலுக்குங்கள். இப்படி 148 முறை. சராசரியாக 47 வெற்றிகள் வரவேண்டும். உங்களுக்கு எத்தனை வந்தன? வகுப்பில் 40 பேர் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே டப்பாவிலிருந்து சிலருக்கு 55, சிலருக்கு 40 என்று வரும். இரண்டு மூன்று பேருக்காவது 38 அல்லது அதற்கும் குறைவாக வர வாய்ப்பு உண்டு. அவர்கள் டப்பாவில் குறை ஏதும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.